உள்ளங்கைச் சிவப்பு

தலைவலிக்கு நான் மாத்திரை போடுவதில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்தால் தானாகப் போய்விடும். என் அப்பாவும் அப்படித்தான். எழுபத்திரண்டு வயதுவரை ஒரு ஊசி போட்டுக்கொள்ளாமல் இருந்தார். ஒரு நாள் காலையில் காப்பி குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செத்துப்போனார். உடம்புக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தெரியும் என்பது எங்கள் வீட்டு எண்ணம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது ஐயா. நான் ஊசிக்குப் பயந்தவன் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிவிடக் கூடாது.

என் பேர் கோமதிநாயகம், வயது முப்பத்தைந்து. சங்கரன்கோவிலில் எனக்குச் சொந்தமாக எட்டு விசைத்தறி இருக்கிறது. மனைவி பேர் முத்துமாரி. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து முதல் பிள்ளை தங்கியிருக்கிறது. இப்போது எட்டாம் மாதம்.

பாண்டியராஜ் திருவேங்கடத்துக்காரன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், என்னைவிட எட்டு வயது இளையவன். நாலு வருடத்துக்கு முன்னால் என் தறி மோட்டார் ஒன்று புகைந்தபோது வந்தான். மோட்டாரை முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது செத்து ரெண்டு நாளாச்சு, நீங்கதான் விடாம வாயில தண்ணி ஊத்திட்டு இருக்கீய" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தறி நிற்கும், வேலைக்காரர்கள் வரமாட்டார்கள். நூல் அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். ஆள் முன்னால் என்னை அண்ணாச்சி என்பான். தனியாக இருந்தால் 'வே' போட்டுப் பேசுவான். எங்களுக்குள் இருந்ததை நீங்கள் அன்றைக்கு ஒரே வார்த்தையில் எழுதினீர்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நான் மறுக்கவும் இல்லை.

சித்திரைக் கடைசியில் நூல் பார்க்க ஈரோட்டுக்குப் போய் இரண்டு நாள் லாட்ஜில் தங்கினேன். பக்கத்து அறையில் ஒருவர் இருந்தார். நான் பேர் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நீங்கள் துருவிக் கேட்டதால் சொல்கிறேன், மற்றபடி இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. வெளியூரில் நடந்தது வெளியூரோடு போய்விடும்.

மூன்று வாரம் கழித்து மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. மிளகு அளவுதான். வலி இல்லை, அரிப்பும் இல்லை. வலிக்காத ஒன்றை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். ஆனி பாதியில் காய்ந்துபோயிற்று. பாண்டியராஜிடமும் சொல்லவில்லை, முத்துமாரியிடமும் சொல்லவில்லை. ஒன்றுமில்லாததைப் போய் என்னவென்று சொல்வது? அந்த நாட்களில் இரண்டு பேரிடமும் நான் எப்போதும்போலவே இருந்தேன். யாருக்கும் குறை வைக்கவில்லை.

ஆடி பிறந்ததும் இரண்டு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புள்ளிகள் வந்தன. செம்பு நிறத்தில், வட்ட வட்டமாக. எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண்தான். தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். தகட்டில் செய்த பாம்பு உருவமும் தேள் உருவமும் வாங்கி அம்மனுக்குப் போடுவார்கள். நானும் உருவம் வாங்கப் போனேன். கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா பாத்துக்கிடுவா. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துருங்க" என்றார். நல்ல மனுஷர். ஆனால் நம்பிக்கை பாதிப் பேருக்குப் பாதிதான் இருக்கிறது. நான் முழுதாக நம்பினேன். ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கோயிலை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றினேன். காலையிலும் சாயங்காலமும் மண் பூசினேன். ஆடி முடியுமுன் ஒரு புள்ளி மிச்சமில்லை. கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறந்த பிள்ளையின் கைபோல இருந்தது. அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் பாண்டியராஜ் விஷயம் வருகிறது. அவன் வருடத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுக்கிறவன். அவன் அம்மாவுக்கு ஒரு சமயம் யாரோ கொடுத்த ரத்தத்தில் உயிர் வந்ததாம், அதற்கு ஈடாம். சுதந்திர தினத்தன்று ஒரு முகாமில் கொடுத்திருக்கிறான். பத்து நாளில் ரத்த வங்கியிலிருந்து போன் வந்திருக்கிறது. கடையநல்லூர்க்காரி, பாஜிலா என்று ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாள், அவனை உட்காரவைத்துப் பேசியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூல் அறைக்கு வந்தவன் உட்காராமலே பேசினான்.

"ரத்தத்துல கிருமி இருக்காம்வே. சிபிலிஸுன்னு சொன்னாவ. பயப்பட ஒண்ணுமில்லையாம், ரெண்டு இடுப்புலயும் ஒரு ஊசி, அவ்வளவுதான். நான் போட்டுட்டேன். மூணு நாளு உக்கார முடியல. எங்கம்மா எனக்கு மூலம்னு நினைச்சுக் கருணைக்கிழங்கு வாங்கிட்டு வந்துட்டா."

அவனே சிரித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை.

"யாருகிட்ட இருந்துலே வந்துச்சு?" என்றேன்.

"என்னவே கேள்வி இது? உம்மைய தவிர எனக்கு யாரு இருக்கா?"

அறைந்தேன். ஒரு அறைதான். கடைவாய்ப் பல் ஆடியது என்று பிற்பாடு சொன்னான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"அடிச்சுக்கிடும். ஆனா வாரும். ரத்த வங்கி அக்கா நம்ம பேரு ஊரு எதையும் வெளிய சொல்ல மாட்டாவ. மதினியையும் கூட்டிட்டு வாரும். மாசமா இருக்கையில தாய்க்கு இருந்தா பிள்ளைக்குப் போயிருமாம். செத்துப் பொறக்குமாம், இல்லைன்னா ஊனமாப் பொறக்குமாம். இப்பவே ஊசி போட்டா ரெண்டு பேரும் தப்பிச்சிருவாவளாம்."

நான் அவசரக்காரன் இல்லை ஐயா. அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். என் உடம்பில் ஏதோ இருந்தது உண்மை. ஆனால் அது அம்மன் புண்ணியத்தில் போய்விட்டது. போய்விட்ட ஒன்று இன்னொருவனுக்கு எப்படிப் போகும்? அதோடு, முத்துமாரிக்கு இரண்டாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து எல்லாம் பார்த்தார்கள். சித்திரை பிறந்த வாரம். எதுவும் இல்லை என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டையை எடுத்து இரண்டு தடவை படித்தேன். மனைவி சுத்தம் என்றால் புருஷனும் சுத்தம். அப்படியானால் பாண்டியராஜுக்கு வேறொருவன் இருக்கிறான். வேறு முடிவுக்கு வர வழியில்லை. நீங்களாக இருந்தாலும் இந்த முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பேர். அதைக் கேட்க இரண்டு நாள் கழித்து அவன் கடைக்குப் போனேன். நல்ல வெயில் நேரம், தெருவில் ஆளில்லை. காயில் முனையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். "யாருலே அவன்?" என்று கேட்டேன். "நீரு வெயில்ல வந்திருக்கீரு, மோரு சொல்லட்டா?" என்றான். சால்டரிங் கம்பியை அவன் கையிலிருந்து வாங்கினேன். இடது முழங்கைக்குக் கீழே வைத்து, பத்து எண்ணும்வரை எடுக்கவில்லை. தோல் வெந்த வாசனையும் ஈயப்புகையும் கலந்தால் அவ்வளவு மோசமாக இருக்காது. அவன் கத்தவில்லை. பக்கத்துக் கடைக்குக் கேட்டுவிடும் என்று சட்டையைக் கடித்துக்கொண்டான். என் மானத்தைத்தான் அவன் காப்பாற்றினான் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். இருக்கலாம். பேரைச் சொல்லியிருந்தால் அந்தச் சிரமமும் இருந்திருக்காது.

ஆவணிக் கடைசியில் முத்துமாரிக்கு வளைகாப்பு. வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டோம். மைக் செட்டும் மின்விசிறியும் பாண்டியராஜ்தான் ஏற்பாடு செய்தான். முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். நான் கூப்பிடவில்லை, முத்துமாரிதான் கூப்பிட்டாள். அவளுக்கு அவன்மேல் பிரியம். "அந்தப் பையன் இல்லைன்னா இந்த வீட்டுல ஒரு பல்பு எரியாது" என்பாள்.

வளையல் அடுக்க வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். என் அத்தை மகள் முதலில் கவனித்தாள். "ஏட்டி, உள்ளங்கை என்னட்டி இப்படிச் செவந்து கிடக்கு?" என்றாள். இன்னொருத்தி, "வீட்டுக்காரரு ராத்திரி பூரா கைய விடாம பிடிச்சிருந்திருப்பாரு" என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. முத்துமாரி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "மருதாணி ஒத்துக்கிடல" என்று நான்தான் சொன்னேன். நான்கு நாளாக அவள் கையிலும் காலிலும் புள்ளி இருந்தது. நான்கு நாளாக நானே புற்றுமண் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தேன். மனைவி காலைத் தொட்டு மருந்து பூசுகிற ஆண்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசிப் பந்தியில் சாப்பிட்ட பாண்டியராஜுக்கு முத்துமாரி தன் கையால் தாம்பூலம் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்ன தம்பி, வெத்தலை பிடிக்காதா?" என்றாள். "இல்ல மதினி" என்று சொல்லி, வாங்கிக்கொண்டு நேராகச் சமையல் நடந்த இடத்துக்கு, என்னிடம் வந்தான். முகம் வேர்த்திருந்தது.

"பாத்துட்டேன்வே. அந்தக்கா படம் காட்டுனாவ, அப்படியே இருக்கு. உமக்கும் இப்படி வந்துச்சாவே?"

"வந்துச்சு. போயிருச்சு."

"அது போவாதுவே. மேல மறைஞ்சு உள்ள போயிருமாம். ஊசி ஒண்ணுதான் வழியாம்." குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். நீரு சொல்லலன்னா நானே மதினிட்ட சொல்லுவேன். என் மானமும் போவட்டும், உம்ம மானமும் போவட்டும். அந்தப் பிள்ளை என்னவே பாவம் பண்ணுச்சு?"

நான் அவன் தோளில் கைபோட்டு, "நாளைக்குக் காலையில வாலே, பேசுவோம். ஆறாந்தறி மோட்டாரும் சூடாகுது" என்றேன். உடனே சந்தோஷப்பட்டுவிட்டான். அவனைச் சமாதானப்படுத்துவது எப்போதுமே சுலபம்.

மறுநாள் காலை என் தறிக்காரன் மூக்காண்டியை நூல் எடுத்துவரப் புளியங்குடிக்கு அனுப்பினேன். மற்ற இரண்டு பேரையும் வளைகாப்பு அசதி என்று சொல்லி வரவேண்டாம் என்றேன். ஆறாந்தறி மோட்டாரில் கோளாறே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். உண்மைதான். ஆனால் நூல் நிஜமாகவே தேவைப்பட்டது.

பதினோரு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கதவைத் தாழிட்டு, எட்டுத் தறியையும் ஓடவிட்டேன். எட்டும் ஓடினால் உள்ளே பேசுவது காதில் விழாது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு அது பழக்கம். அவன் ஆறாந்தறி அடியில் குனிந்தபோது, கழற்றி வைத்திருந்த ஒரு கட்டையால் முழங்காலில் அடித்தேன். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுகிற கட்டை, பழைய மரம், உறுதியானது. ஒரு முழங்கால் போதும், ஆள் எங்கும் போக முடியாது. நான் இரண்டிலும் அடித்தேன்.

"பேரு சொல்லு" என்றேன்.

அவன் வாய் அசைந்தது. நான் எதிர்பார்த்த பதில் இல்லை.

தறியில் நூலை அடித்து இறுக்குகிற சட்டம் நிமிடத்துக்கு நூறு தடவைக்குமேல் முன்னும் பின்னும் போய்வரும். அவன் வலது கையைப் பிடித்து அதற்கு முன்னால் வைத்தேன். காயில் கட்டுகிற கை. விரல்கள் ஒவ்வொன்றாகப் போகும் என்று நினைத்திருந்தேன், எல்லாம் சேர்ந்தே போயின. தறியில் இருந்தது இளம்பச்சைச் சேலை, முந்தானை முடிகிற இடம். அது வீணாகிவிட்டது. மறுபடி கேட்டேன். மறுபடி அதே உதட்டசைவு. "நீருதாம்வே. நீரு மட்டுந்தாம்வே." அதற்குப் பிறகு அவன் வேறு ஒன்று சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் முழுதாகச் சொல்கிறேன் என்று உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். "என்னைய என்னமும் பண்ணிக்கிடும். மதினிய மட்டும் இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிரும்." இதைச் சொல்லும்போது அவன் உதடு நன்றாகத் தெரிந்தது. பல் சிவப்பாக இருந்தது.

மூன்றாவது தடவை கேட்டேன். யாருக்கும் மூன்று வாய்ப்புக் கொடுக்கலாம். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

நாடாவுக்கு இரண்டு முனையிலும் இரும்புக் கூர் உண்டு. அதை அவன் கழுத்தில் இறக்கினேன். நாலைந்து தடவை என்று நினைத்தேன், பதினாலு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர்கள் எண்ணிப் பார்ப்பவர்கள், அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். என் உள்ளங்கையிலும் கூர் பட்டுக் கிழிந்தது. அவன் என் சட்டைப் பித்தானைப் பிடித்திருந்தான். கை தளர்ந்ததும் நானே விரலை விலக்கினேன். அப்புறம் ஒவ்வொரு தறியாக நிறுத்தினேன். எட்டாவதை நிறுத்தியபோது கொட்டகை மிகவும் அமைதியாக இருந்தது.

குழாயடியில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முத்துமாரி வளைகாப்பில் மிஞ்சிய புளியோதரையைச் சூடாக்கி வைத்திருந்தாள். "பாண்டியராஜ் தம்பி வரலையா? அதுக்கும் சேத்துத்தான் எடுத்து வச்சேன்" என்றாள். வரமாட்டான் என்றேன். சாப்பிட்டேன். அவள் கைக்கு மண் பூசினேன். வளையல் குலுங்கியது. மூன்று மணிக்கு மூக்காண்டி நூலோடு திரும்பி வந்தான், அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இப்போது ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். பிடித்த மறுநாளே என் ரத்தம் எடுத்தீர்கள். நோய் இருக்கிறது, பல மாதமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். நான் அவரோடு தர்க்கம் பண்ணவில்லை. ஆனால் என் உள்ளங்கைக் காயத்தை அவரிடம் காட்டினேன். அன்றைக்கு அவன் ரத்தம் எவ்வளவு அதற்குள் போயிருக்கும்? ஒரே நாளில் அப்படி ஆகாது என்கிறார். அவனும் ஊசி போட்டுக்கொண்டவன்தான் என்கிறார். டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

முத்துமாரி விஷயம்தான் நேற்று முழுக்க நீங்கள் பேசியது. அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாளாம். புள்ளி மறையத் தொடங்கிவிட்டது, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்கிறாளாம். நான் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், நான் சொல்லாமல் யாரிடமும் கையை நீட்டக் கூடாது என்று. அவள் வார்த்தை தவறாதவள். நேற்று அந்த பாஜிலா அம்மாள் இங்கேயே வந்து எனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் செய்ததெல்லாம் தெரிந்தும் என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள்.

"மூணு தடவ வீட்டுக்குப் போயிட்டேண்ணே. 'அவுக சொன்னா வாரேன்'ங்காங்க. வேற ஒரு வார்த்தை பேசல. ஒரு ஊசிண்ணே. நாள் நெருங்கிருச்சு. உங்களுக்காக வேண்டாம், அந்தப் பிள்ளைக்காக, போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்பர் போட்டுத் தாரேன்."

போனை என் கையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்தது. முத்துமாரி எடுத்து, "சாப்டீயளா?" என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

கல்நெஞ்சக்காரன் என்று நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். நான் விளக்கிச் சொல்லப் பார்த்தேன், உங்களுக்குப் பொறுமை இல்லை. இப்போது அமைதியாக இருக்கிறீர்கள், அதனால் மறுபடி சொல்கிறேன். ஊசி போட்டுக்கொள் என்று நான் என் வாயால் சொன்னால், நோய் இந்த வீட்டில் என்னிடமிருந்து வந்தது என்று ஆகும். பாண்டியராஜ் சொன்னது மூன்று தடவையும் உண்மை என்று ஆகும். அவனுக்கு என்னைத் தவிர யாருமே இல்லாமல் இருந்தது என்று ஆகும். பிள்ளை எப்படிப் பிறக்கிறதோ அப்படிப் பிறக்கட்டும். காரணமில்லாமல் ஒருவனைக் கொல்லுகிற ஆள் நான் இல்லை ஐயா.